வரைபடத்தில் இல்லாத மாடி

ஜெகதீஸ்வரனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. இருபத்திரண்டு வருடம் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று அலைந்தவர். தண்ணீர் வந்தால் அடுத்த ஊர், வராவிட்டாலும் அடுத்த ஊர். நாற்பத்தெட்டாவது வயதில் முதுகுத்தண்டில் வட்டு விலகியிருப்பதாக டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். வண்டியை விற்றார். அந்தப் பணத்தோடு முப்பது லட்சம் வங்கிக் கடனும் சேர்த்து நாமக்கல்லில் ஒரு கட்டடத்தைக் கிரயம் செய்தார்.

“இனி மாசமானா வாடகை வரும். நீங்க கம்முனு ஊட்டுல உக்காருங்க” என்றாள் மனைவி சரிதா.

அதுதான் முடியவில்லை. திருச்செங்கோட்டில் காலைச் சாப்பாடு ஆனதும் பைக் சாவியைத் தேடுவார். வாரத்தில் நான்கு நாளாவது நாமக்கல் போய்விடுவார். கட்டடத்துக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. அங்கே நின்றபடியே டீ குடித்துக்கொண்டு தன் கட்டடத்தைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பார். தரைத்தளம், முதல் மாடி. இரண்டாம் மாடிக்கு வந்ததும் பார்வையைத் தெருவுக்குத் திருப்பிக்கொள்வார்.

அந்த மாடி எந்த அரசு ஆவணத்திலும் இல்லை.

விற்றவர் அதை மறைக்கவில்லை. கிரயத்துக்கு முன்பே, “அப்ரூவல் கீழயும் முதல் மாடிக்கும்தானுங்க. மேல இருக்கறது நான் பொறவு எடுத்துக் கட்டினது. சொத்து வரியும் ரெண்டு தளத்துக்குத்தான் கட்டிட்டு இருக்கறேன்” என்று சொல்லி, அதற்காகவே ஆறு லட்சம் குறைத்துக்கொண்டார். ஆறு லட்சம் மிச்சம் என்று ஜெகதீஸ்வரன் அன்றைக்குச் சந்தோஷப்பட்டார். “ஊருல பாதிக் கட்டடம் அப்படித்தான் நிக்குது” என்று பங்காளி சின்னண்ணன் சொன்னதில் கொஞ்சம் தைரியமும் வந்தது. சின்னண்ணனுக்கு நாமக்கல்லிலேயே நான்கு கடைகள் வாடகைக்கு இருந்தன. வாடகை விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் ஜெகதீஸ்வரனுக்கு வேதம்.

கிரயம் முடிந்த அடுத்த மாதமே கட்டடம் முழுவதையும் கேட்டு ஒரு பெண் வந்தாள். பெயர் நர்மதா. ஆத்தூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும். நாமக்கல்லிலேயே இன்னொரு தெருவில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், பத்து நாளில் காலி செய்தாக வேண்டும், இருபத்திரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்றாள். நர்சுகள், லேப்பில் வேலை செய்பவர்கள், முட்டை ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்கள்.

வாடகை எழுபதாயிரம் என்று பேசி முடிந்தது. ஒப்பந்தம் எழுதும்போது சின்னண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எழுபதுன்னு எழுதுனா இன்கம் டாக்ஸ்காரன் பாதியைப் புடுங்கிப்போடுவான். முப்பதுன்னு எழுது. மீதி நாப்பது கையில வரட்டும். ஹாஸ்டல்னு எழுதாத, வணிகக் கட்டடம்னு சொத்து வரியைத் தூக்கிப்போடுவாங்க, கரண்டுக்கும் ரேட்டு ஏறும். குடும்பம் குடியிருக்கன்னு போடு. பதினோரு மாசம். பதிவெல்லாம் வேண்டாம்.”

நர்மதா பேனாவை மூடி வைத்தாள்.

“அண்ணா, ஹாஸ்டல்னு எழுதலன்னா எனக்கு லைசென்ஸ் கெடைக்காது. பொண்ணுங்க ஹாஸ்டலுக்கு கலெக்டர் ஆபீஸ்ல பதிவு பண்ணணும். பில்டிங் பேப்பர், தீயணைப்பு சர்டிபிகேட், பதிவு பண்ண வாடகை ஒப்பந்தம், எல்லாம் கேப்பாங்க.”

“மொதல்ல சாமானத்தைக் கொண்டாந்து எறக்கு அம்மணி” என்றார் ஜெகதீஸ்வரன். “பொறவு மாத்தி எழுதிக்கலாம். நான் எங்க ஓடிப்போறேன்?”

அவளுக்குப் பத்து நாளில் எட்டு நாள் கழிந்திருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் வங்கியில் முப்பதாயிரம் விழும். நாற்பதாயிரத்தை நர்மதா ஒரு கவரில் போட்டுக் கொடுப்பாள். கொடுக்கும்போது அதே கேள்வியைக் கேட்பாள். “அண்ணா, பேப்பர் எப்ப மாத்தலாம்?” ஜெகதீஸ்வரன் அதற்குள் பைக்கில் ஏறியிருப்பார். “அடுத்த வாரம் வாரேன் அம்மணி.”

மாற்றி எழுதினால் கட்டட வரைபடத்தைக் காட்ட வேண்டும். வரைபடத்தைக் காட்டினால் இரண்டாம் மாடி வெளியே வரும். வெளியே வந்தால் வரி, அபராதம், ஒருவேளை இடிப்பு. நாமக்கல் மாநகராட்சி ஆனதிலிருந்து கட்டடங்களை அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்று பேக்கரியில் பேச்சு அடிபட்டது. தெருவில் யாராவது டேப்போடு நின்றால் ஜெகதீஸ்வரன் பைக்கைத் திருப்பிவிடுவார். ஒருமுறை பக்கத்து மனையில் அளந்து எல்லைக்கல் நட வந்தவர்களைப் பார்த்துவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. சாப்பிடும்போதே எழுந்து வாசலுக்குப் போய்வருவார்.

“ரிக் வண்டியில இருந்தப்பக்கூட இப்படி அலையலீங்களே” என்றாள் சரிதா.

பங்குனி வெயிலிலேயே நர்மதா இன்னொன்றும் சொன்னாள். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் போர்டு சுடுகிறது. கை வைத்தால் தெரிகிறது. அந்த இணைப்பு இரண்டு வீட்டுக்காக வாங்கியது. இப்போது மூன்று தளத்திலும் ஹீட்டர், வாஷிங் மெஷின், கூலர், இருபத்தாறாகப் பெருகிவிட்ட பெண்களின் போன்.

“லோடு ஏத்தச் சொல்லி எழுதிக் குடுங்கண்ணா. ஓனர் கையெழுத்து இல்லாம ஈபில வாங்க மாட்டேங்கறாங்க.”

ரிக் வண்டியில் ஜெனரேட்டரோடு பழகியவர் அவர். சூடான போர்டு என்றால் என்னவென்று தெரியும். ஆனால் லோடு ஏற்ற எழுதிக் கொடுத்தால் ஈபியிலிருந்து ஆள் வந்து பார்ப்பார். “ஹீட்டரை ஒவ்வொண்ணாப் போடச் சொல்லு. மழை வந்துட்டாச் சரியாப் போயிரும்” என்றார்.

சித்திரை பிறந்து ஒரு வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணி. ஜெகதீஸ்வரன் பேக்கரியில் நின்றிருந்தார். டப் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டு வாசலிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது.

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். போர்டு எரிந்துகொண்டிருந்தது. பேக்கரியிலிருந்து எடுத்து வந்த மரக்கட்டையால் மெயின் சுவிட்சை அடித்து இறக்கினார். மணலை அள்ளிப் போட்டார்கள். நெருப்பு இரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆனால் வயர் உருகிய புகை முழுக்கப் படிக்கட்டு வழியாக மேலே ஏறியிருந்தது. மூன்று தளத்துக்கும் அந்த ஒரு படிக்கட்டுதான்.

கீழே இருந்தவர்களும் முதல் மாடியில் இருந்தவர்களும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். இரண்டாம் மாடியில் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நான்கு பேர் இருந்தார்கள். படிக்கு வந்தவர்களைப் புகை திருப்பி அனுப்பியது. மூன்று பேர் குளியலறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். நான்காவது பெண், மஞ்சுளா, பின்பக்க பால்கனிக்கு ஓடினாள். முதல் மாடி சன்ஷேடில் இறங்கிவிடலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். கை நழுவியது.

ஜெகதீஸ்வரன் ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மேலே போய் மூன்று பெண்களையும் இறக்கி வந்தார். கீழே வந்ததும் பின்பக்கத்திலிருந்து அழுகை கேட்டது. மஞ்சுளா சுவரோரம் கிடந்தாள். வலது கால் பாதம், திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. நர்மதா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து ஜெகதீஸ்வரனைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு, குதிகாலும் நொறுங்கியிருக்கிறது, தகடு வைக்க வேண்டும் என்றார்கள். ஜெகதீஸ்வரன் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஏழு மணி வாக்கில் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். பச்சமுத்து. பனமரத்துப்பட்டியில் அரை ஏக்கரில் அரளி போட்டிருப்பவர். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். யாரோ கொடுத்த மகளுடைய செருப்பு ஒற்றையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெகதீஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த யாரோ ஒருவர் என்று நினைத்திருக்க வேண்டும்.

“லேப்ல வேலைங்க. பதினாலாயிரம் சம்பளம். அதுல ஆறாயிரம் ஹாஸ்டலுக்கு” என்றார். “மூணு மாடிக்கும் ஒரே படிதானாம்ங்க. அப்படிப்பட்ட கட்டடத்த யாருங்க வாடகைக்கு விடறது? அவனுக்குப் புள்ளைங்க இருக்காதுங்களா?”

“தெரியலீங்க” என்றார் ஜெகதீஸ்வரன்.

அப்படிச் சொன்னதும் அங்கே நிற்க முடியவில்லை. மருந்து வாங்கி வருகிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். மருந்துக்கடையில் மஞ்சுளாவின் சீட்டுக்குப் பணம் கட்டினார். ரசீதில் யார் பெயர் போட என்று கேட்டபோது ரசீதே வேண்டாம் என்று நகர்ந்தார்.

வெள்ளிக்கிழமை போலீஸ் நர்மதாவை அழைத்து விசாரித்தது. அனுமதி இல்லாத ஹாஸ்டல் என்று வழக்கு. திங்கட்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை, கட்டட உரிமையாளரும் வர வேண்டும் என்று ஜெகதீஸ்வரனுக்கு போன் வந்தது. போன் வந்த அரை மணி நேரத்தில் சின்னண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“பயப்படாத. பேப்பர் நம்ம பக்கம் இருக்குது. குடும்பம் குடியிருக்கன்னு எழுதி அந்தப் பொம்பளை கையெழுத்துப் போட்டிருக்குது. எனக்குத் தெரியாம ஹாஸ்டல் வெச்சுப்போட்டாங்கன்னு சொல்லு. மேல்மாடி முன்ன இருந்தவர் கட்டினது, வாங்கறப்போ நமக்கு வெவரம் பத்தலைன்னு சொல்லு. சோலி முடிஞ்சுது.”

“நர்மதாப் புள்ளை பத்து மாசமாப் பேப்பரை மாத்தச் சொல்லிக் கேட்டுச்சுங்க.”

“கேட்டதுக்குச் சாட்சி இருக்குதா?”

சரிதா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். “அண்ணன் சொல்றதுல என்ன தப்புங்க? நாம வாயைத் தொறந்து என்னாகப் போவுது? கடன் தவணை யாரு கட்டறது? அந்தப் பொம்பளையும் சம்பாரிச்சுதுதானே?”

ஜெகதீஸ்வரன் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மலை அடிவாரம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

சனிக்கிழமை பஸ் ஏறிச் சேலம் போனார். செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடை ஒன்றின் மாடியில் ஆடிட்டர் இளஞ்செழியனின் அலுவலகம். ரிக் வண்டி இருந்த காலத்திலிருந்து அவர்தான் கணக்குப் பார்க்கிறார். கீழே மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தும்மலோடு படியேறி, உட்காரச் சொல்லியும் உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னார்.

இளஞ்செழியன் வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார். கால்குலேட்டரை இழுத்தார்.

“மாசம் எழுபது. மார்ச் வரைக்கும் பத்து மாசம், ஏழு லட்சம். அதுல நீங்க கட்டின சொத்து வரியைக் கழிச்சுக்கலாம். மிச்சத்துல முப்பது சதவீதம் பராமரிப்புக்குன்னு சட்டமே கழிச்சுக் குடுக்குது, ரசீதுகூடக் கேக்காது. அப்புறம் நீங்க கட்டின கடன் வட்டி. எல்லாம் போக ரெண்டு லட்சத்துச் சொச்சம் நிக்குது. உங்களுக்கு வேற பெரிய வருமானம் இல்ல.” நிமிர்ந்து பார்த்தார். “வரி எவ்வளவு வரும்னு நெனைக்கறீங்க?”

“பாதி போயிரும்னு...”

“ஒண்ணும் வராது. பூஜ்யம்.”

ஜெகதீஸ்வரனுக்குப் புரியவில்லை. “எழுபதுன்னு எழுதியிருந்தாலுமா?”

“எழுபதுன்னு எழுதியிருந்தா அந்தம்மா வாடகையில ரெண்டு சதவீதம் பிடிச்சு உங்க பேர்ல கட்டியிருக்கணும். அதுவும் கணக்குத் தாக்கல் பண்ணா உங்களுக்குத் திரும்பி வந்திருக்கும். நாப்பதாயிரத்தக் கவர்ல வாங்குனதால உங்களுக்கு ஒரு ரூபாகூட மிச்சமில்ல சார். யார்கிட்டக் கேட்டு இப்படி எழுதுனீங்க?”

அவர் சின்னண்ணன் பெயரைச் சொல்லவில்லை.

“இந்த வருசக் கணக்கு இன்னும் போடலை. அது ஒண்ணு நல்லது. முழுசாக் காட்டிடலாம். சொத்து வரி, ஈபி அது வேற. அங்க அபராதம் கட்டித்தான் ஆகணும். மாடிக்கு அனுமதி வாங்கறதுக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கணும், ரெண்டாவது படி வேணும். உங்க கட்டடத்துல அதுக்கு எடமில்லைன்னு நெனைக்கறேன்.”

“திங்கக்கெழமை என்ன சொல்லட்டும் சார்?”

“நான் கணக்குப் பாக்கறவன். அதுல என்ன சொல்றதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.” ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “ஆனா இந்தப் பேப்பர எடுத்துட்டு என்கிட்ட வந்தீங்கன்னா, நான் இதுல இருக்கறபடி முப்பதாயிரம்னு கணக்கு எழுத மாட்டேன். அத மட்டும் இப்பவே சொல்லிடறேன்” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் சீட் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். ஒன்றுமே இல்லாத வரிக்குப் பயந்து முப்பது என்று எழுதினோம். முப்பது என்றும் குடும்பம் என்றும் பொய் எழுதியதால் ஒப்பந்தத்தைப் பதிய முடியவில்லை. பதியாததால் அவளுக்கு லைசென்ஸ் இல்லை. லைசென்ஸுக்கு யாரும் வந்து பார்த்திருந்தால் அந்தப் போர்டையும் பார்த்திருப்பார்கள், படியையும் பார்த்திருப்பார்கள். சங்ககிரியில் பஸ் நின்றபோது இறங்கித் தண்ணீர் குடித்தார். அந்த பஸ் போய்விட்டது. கவனிக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே சரிதா மகள் நித்யஸ்ரீயோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கோயம்புத்தூரில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தாள். ஜெகதீஸ்வரன் குளிக்கப் போனவர் அப்படியே நின்றார்.

“ஏங்கண்ணு, உங்க ஹாஸ்டல்ல எத்தனை படிக்கட்டு இருக்குது? ... இல்ல, சும்மாத்தான் கேட்டேன். ரெண்டு பக்கமும் இருக்குதா? நீ இருக்கற பக்கம் கதவு பூட்டி வெச்சிருக்குதா, தொறந்தே இருக்குமா? போய்ப் பாத்துச் சொல்லு சாமி. இப்பவே போய்ப் பாரு.”

போனை வைத்த பிறகும் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி சரிதா நின்றாள். அவர் அங்கே இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல், “திருச்செங்கோட்டுக்கு மேக்கால இருக்கற நம்ம சைட்டு என்ன வெலை போவுமுங்க?” என்று கேட்டாள்.

“பன்னெண்டு, பதிமூணு போகும்.”

“போனாப் போகுது” என்றாள்.

திங்கட்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்தில் மாநகராட்சியிலிருந்து ஒருவர், ஈபியிலிருந்து ஒருவர், சமூகநலத்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி, ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நர்மதா சுவரோரம் நின்றாள். நான்கு நாளில் முகம் சுருங்கியிருந்தது. பச்சமுத்துவும் வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் நர்மதாவைக் கேட்டார்கள். உரிமையாளருக்குத் தெரியும் என்றாள். ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். குடும்பம் குடியிருக்க. கீழே அவள் கையெழுத்து.

“இதுல அப்படி இல்லையேம்மா” என்றார் பெண் அதிகாரி.

“அப்பவே கேட்டேன் மேடம். மாத்தித் தர்றேன்னு சொன்னாரு. எனக்கு ரெண்டு நாள்தான் மிச்சம் இருந்துச்சு. வேற வழியில்ல.” அதற்கு மேல் காட்ட அவளிடம் காகிதம் ஒன்றும் இல்லை.

ஜெகதீஸ்வரனைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. மேசை விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தார்.

“அந்தப் பேப்பர் பொய்யிங்க” என்றார். “நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். ஹாஸ்டலுக்குன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். வாடகை எழுபதாயிரம். நாப்பதைக் கையில வாங்கினேன். அவங்க கேட்ட பேப்பரு எதையும் நான் குடுக்கலை.”

பெண் அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். “ரெண்டாவது மாடிக்கு அனுமதி இல்லைன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?”

“வாங்கறதுக்கு முன்னாலயே தெரியுமுங்க. அதுக்காகத்தான் ஆறு லட்சம் கம்மியா வாங்கினேன்.”

“மீட்டர் போர்டு சூடாகுதுன்னு சொன்னாங்களாமே?”

“சொன்னாங்க. ஒரு மாசம் முன்ன. ஆளு வந்து பாத்தா மாடி தெரிஞ்சுபோயிரும்னு கம்முனு இருந்துட்டேன்.”

சப்-இன்ஸ்பெக்டர், “யோசிச்சுச் சொல்லுங்க, இதெல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குவோம்” என்றார்.

“எழுதுங்க.”

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது பச்சமுத்து எழுந்து நின்றிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் பக்கத்தில் நின்ற ஆள் இவர்தான் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஜெகதீஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டார். பச்சமுத்து கும்பிடவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, “அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே” என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் நர்மதா நின்றாள். அவள் நன்றி சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை என்றாலும், ஏதோ ஒன்றை எதிர்பார்த்துத்தான் அவள் பக்கம் போனார்.

“பத்து மாசம் முன்னாடி இந்த ரெண்டு வரியச் சொல்லியிருந்தீங்கன்னா அந்தப் பொண்ணு கால் நல்லா இருந்திருக்கும் அண்ணா.” அவள் குரல் உயரவில்லை. “நானும் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது. இருபத்திரண்டு பேர நடுத்தெருவுல நிறுத்தியிருந்தாலும் பரவால்லன்னு இருந்திருக்கணும். அதையும்தான் யோசிச்சிட்டு இருக்கேன்.”

வழக்கு இருவர் மேலும் போனது. ஆனால் ஏமாற்றி ஹாஸ்டல் நடத்தியவள் என்ற பெயர் நர்மதாவிடமிருந்து போயிற்று. வேறு கட்டடம் பார்த்து முறைப்படி விண்ணப்பிக்கலாம் என்று அவளுக்குச் சொன்னார்கள். பெண்கள் பல இடங்களுக்குப் பிரிந்தார்கள். சிலர் ஊருக்கே திரும்பினார்கள்.

இரண்டாம் மாடிக்குச் சீல் வைத்தார்கள். மறு அளவை நடந்தது. டேப்பின் ஒரு முனையை ஜெகதீஸ்வரனே பிடித்துக்கொண்டார். விட்டுப்போன தளத்துக்கு முன்தேதியிட்டுச் சொத்து வரி, ஈபி அபராதம், மஞ்சுளாவின் ஆபரேஷன் செலவு, அவள் வேலைக்குப் போக முடியாத மாதங்களின் சம்பளம். சைட்டு விற்ற பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. அதற்கு மேல் எதுவும் வாங்கப் பச்சமுத்து முதலில் மறுத்தார். பிறகு ஒருநாள் போன் செய்து, பிசியோதெரபிக்கு வாரம் மூன்று முறை போக வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் அனுப்புங்கள் என்றார்.

சின்னண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் ஆனி மாதத்தில் ஒருநாள் போன் செய்து, வேறு எதையோ பேசிவிட்டுக் கடைசியில், “அந்த ஆடிட்டர் நெம்பர் இருந்தா அனுப்பு” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் ஆள் தேடியபோது, வந்தவர்களிடம் நடந்தது எல்லாவற்றையும் ஜெகதீஸ்வரனே முதலில் சொன்னார். மூன்று குடும்பங்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டன. நான்காவதாக வந்த பள்ளி ஆசிரியர் தம்பதி புது வயரிங்கைப் பார்த்தார்கள், ஈபி பேப்பரைப் பார்த்தார்கள், முதல் மாடிக்குக் குடிவர ஒத்துக்கொண்டார்கள். பதினெட்டாயிரம். ஒப்பந்தத்தை இணையதளத்தில் பதிந்து எண் வந்த பிறகுதான் சாவி கொடுத்தார். கீழ்த்தளம் இன்னும் காலியாக இருந்தது. கடன் தவணைக்குத் துண்டு விழுந்தது. சரிதா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டாள். அவர் ஒரு ரிக் கம்பெனியில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளப் போனார்.

ஆடி முதல் வாரத்தில் சீலை ஒரு மணி நேரத்துக்குத் திறந்தார்கள். இரண்டாம் மாடியில் இருந்த பெண்களின் சாமான்கள் அத்தனை நாளும் உள்ளேயே கிடந்தன. அங்கே தங்கியிருந்த பத்துப் பேரில் சிலர் வரவில்லை. வர முடியாதவர்களுடைய பெட்டிகளை எடுத்துப்போக நர்மதா ஒரு குட்டியானை மினி லாரியோடு வந்திருந்தாள். மாநகராட்சி ஆள் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெகதீஸ்வரன் முதுகு வலியைப் பார்க்காமல் பெட்டிகளைத் தூக்கினார். சரிதா கட்டிலுக்கடியில் இருந்த பக்கெட், தட்டு, துணி என்று மூட்டை கட்டிக் கொடுத்தாள். சுவரில் இன்னும் புகைக்கறை இருந்தது. ஒரு காலண்டர் சித்திரையிலேயே நின்றிருந்தது.

மஞ்சுளா ஆட்டோவில் வந்திருந்தாள். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பச்சமுத்து அவள் பெட்டியை வாங்கி ஆட்டோவில் வைத்தார். ஜெகதீஸ்வரனிடம் எதுவும் பேசவில்லை. முறைக்கவும் இல்லை.

மஞ்சுளா பெட்டியைத் திறந்து பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

“என்னோட சர்டிபிகேட் பைலு இல்லீங்க” என்றாள். “பச்சை கலரு. அலமாரிக்கு மேல, அட்டப்பொட்டிக்குப் பின்னால வெச்சிருந்தேன். லேப் டிப்ளமோ அதுலதான் இருக்குது. வர்ற திங்கக்கெழம ஒரு எடத்துல இன்டர்வியூ.”

மாநகராட்சி ஆள் சாவியை எடுத்துவிட்டார். “டைம் ஆயிடுச்சுங்க.”

“அஞ்சு நிமிசம் சார்” என்றார் ஜெகதீஸ்வரன்.

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனார். முதல் மாடி தாண்டி, புகைக்கறை படிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினார். காலி அறையில் அலமாரி மட்டும் நின்றது. எக்கிக் கையை விட்டார். தூசி, காலி அட்டைப்பெட்டி. அதை இழுத்துக் கீழே போட்டார். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினார். முதுகில் சுரீரென்று இழுத்தது. சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே பச்சையாக ஒரு மூலை தெரிந்தது. குனிந்து உருவினார். உள்ளே எல்லாத் தாளும் இருந்தன. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது.

தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இறங்கினார். கீழே ஆட்டோக்காரர் வண்டியைக் கிளப்பியிருந்தார். மஞ்சுளா கையை நீட்டி பைலை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். கடைசித் தாள் வரை பார்த்துவிட்டு மூடினாள்.

“எல்லாம் இருக்குதுப்பா, போலாம்” என்றாள்.